பின்னால் விழித்த இரட்டை

நான் நர்ஸாக இருக்கும் மனநல வார்டுக்கு ஓர்நெல்லா வந்தபோது யாரோடும் பேசவில்லை. மிலானில் டிராம் ஓட்டுகிறவள். மனச்சோர்வு பிடித்ததிலிருந்து வீட்டு ஜன்னலைக்கூடத் திறக்காமல் கிடந்தவளை அவளுடைய இரட்டைச் சகோதரி ஃபுல்வியாதான் இழுத்து வந்தாள். ஃபுல்வியாவுக்கும் முன்பு இதே நோய். இரவு முழுக்கத் தூங்காமல் விழித்திருக்கும் சிகிச்சையில், ஒரே இரவில் தெளிந்தவள் அவள்.

"நீயும் நானும் ஒரே கருவுல பொறந்தவங்கடி. இந்த வைத்தியம் உனக்கும் கேக்கும்," என்றாள்.

டாக்டர் செர்வெட்டி குறுக்கிட்டார்: "மரபணு ஒண்ணா இருந்தா வாய்ப்பு கூடும்மா. ஆனா உறுதி சொல்ல முடியாது."

முதல் இரவு ஃபுல்வியாவும் கூடவே விழித்திருந்தாள். சீட்டாடினோம், வராந்தாவில் நடந்தோம். விடிந்தும் ஓர்நெல்லாவின் முகம் அப்படியே இருந்தது. ஃபுல்வியாதான் உடைந்துபோனாள். "நான் தப்பா நம்பிக்கை குடுத்துட்டேன் சிஸ்டர்" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள்.

டாக்டர் விடவில்லை. ஒரு நாள் தூங்கவிட்டு, ஃபுல்வியாவின் துணையோடு மறுபடி ஓர் இரவு விழிக்க வைத்தார். விடியலில் பிரகாசமான விளக்கின் முன் உட்கார வைத்தார். அன்று காலை நான் கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு ஓர்நெல்லா முகத்தைச் சுளித்தாள்.

"இது காப்பியா, பாத்திரம் கழுவுன தண்ணியா?"

ஃபுல்வியா சீட்டைப் போட்டுவிட்டு எழுந்தாள். "என்ன சொன்னே? இன்னொரு வாட்டி சொல்லு!"

"காதும் போச்சா? அப்புறம், ராத்திரி முழுக்க நீ சீட்டுல திருடுனதையும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். சொல்லத் தெம்பில்ல, அவ்வளவுதான்."

ஃபுல்வியா அவளைக் கட்டிப்பிடித்துச் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். ஃபுல்வியாவுக்கு வைத்திருந்த ரொட்டியையும் பிடுங்கித் தின்றாள் ஓர்நெல்லா.

தூங்கி எழுந்தால் சோர்வு திரும்பலாம் என்று எங்களுக்குப் பயம். கொஞ்சம் திரும்பத்தான் செய்தது. மருந்தும் காலை வெளிச்சமும் இன்னொரு விழிப்பிரவும் சேர்ந்து அவளைத் தாங்கிப் பிடித்தன. வீட்டுக்குப் போகும் அன்று, ஆராய்ச்சிக்காக இருவரிடமும் ரத்தம் எடுத்தோம்.

"மரபணு ஒண்ணுதானே டாக்டர்? பின்ன ஏன் இவளுக்கு ஒரே ராத்திரி, எனக்கு இத்தனை?"

"தெரியலம்மா. அதைத்தான் தேடுறோம்."

"நல்லாத் தேடுங்க. மூளை யாருக்கு வந்துச்சுன்னும் பாத்துச் சொல்லிருங்க," என்றாள், ஃபுல்வியாவின் தொப்பியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு.