ஸஹ்ராவின் திரைச்சீலை

நாள்கணக்காக மினக்கெட்டுப் படம் கீறிய திரைச்சீலையை லோஜன் அப்போதுதான் மேடையில் விரித்துக் கட்டியிருந்தான். அதைப் பார்த்த இல்ஹாமின் முகம் செத்துப்போயிற்று.

உட்துறைமுக வீதியில், வள்ளம் திருத்தும் பட்டறையின் மேல்மாடி அது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே ஆட்டமும் பாட்டும் நடக்கும். ஆணை விரும்பும் ஆண்களும் பெண்ணை விரும்பும் பெண்களும் ஊர்க்கண்ணுக்குத் தப்பி அங்கேதான் மூச்சுவிடுவார்கள். வாசலில் எல்லோருடைய போன் கமராவிலும் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடுவார்கள். பொட்டுக்கு இப்படியும் ஒரு வேலை வருமென்று யார் கண்டது! பகலில் கடையில் போன் திருத்தும் இல்ஹாம், அந்த மேடையில் சேலையும் சிமிக்கியுமாக ஸஹ்ரா ஆகிவிடுவான்.

இந்த முறை மேடைக்குப் பின்னால் ஸஹ்ராவின் பெரிய படம் வேண்டுமென்று ஆட்டத்தை நடத்துகிறவர்கள் கேட்டார்கள். பெயர்ப்பலகை எழுதும் லோஜன் சந்தோஷமாக ஒத்துக்கொண்டான். சேலை ஸஹ்ராவுடையது, சிமிக்கியும் அவளுடையது. முகம் மட்டும் அச்சொட்டாகக் கடையில் நிற்கிற இல்ஹாம். தாடி மழித்த பச்சைகூட விடுபடவில்லை. அறிவுகெட்ட கை, வேறென்ன சொல்ல!

“என்ன வேலை பார்த்து வச்சிருக்கிறாய்?” என்றான் இல்ஹாம். “புதுசா வாற ஒருத்தன் இந்த முகத்தைப் பார்த்திட்டு நாளைக்குக் கடையிலை வந்து நிண்டு சிரிச்சா நான் என்ன செய்யிறது?”

“வேணுமெண்டு செய்யேல்லையடா. உன்னை நினைச்சன், இதுதான் வந்தது.”

“இந்தப் போன் கடைக்காரனை வாசலிலை விட்டிட்டுத்தானே நான் உள்ளுக்கு வாறனான். நீ ஏன் இழுத்துக்கொண்டு வந்தனீ?”

லோஜன் ஆசைப்பட்டது கடையில் நிற்கிறவன்மேல்தான். அது பிழையா? அப்படியென்றால் மாதாமாதம் முன்னுக்கு நின்று கைதட்டியது யாருக்கு? ஒன்றும் விளங்கவில்லை. வெள்ளைப் பெயின்றை எடுத்து முகத்தை அழித்தான். அழிக்கும்போது அழுகை வந்தது.

அதற்குப் பிறகுதான் பெரிய வில்லங்கம். ஸஹ்ராவின் புருவம் எப்படி? சிரித்தால் உதடு எந்தப் பக்கம் போகும்? தூரிகை அந்தரத்தில் நின்றது. இவ்வளவு காலமும் மையையும் பவுடரையும் தாண்டி இல்ஹாமையே தேடிக்கொண்டிருந்திருக்கிறான், மடையன்.

“என்ன, நிண்டிட்டாய்?”

“எனக்கு... எனக்கு அவளைத் தெரியாதடா.”

இல்ஹாமுக்குக் கோபமா கவலையா என்று லோஜனால் பிடிக்க முடியவில்லை. இல்ஹாம் கண்ணாடிக்கு முன்னால் போய் அவசரமில்லாமல் ஆறுதலாக மை தீட்டினான், சேலையைச் சுற்றினான், சிமிக்கியைப் பூட்டினான்.

பிறகு ஸஹ்ரா கதிரையை இழுத்துப் போட்டு, யன்னல் வெளிச்சத்தில் முகம் தெரிய இருந்தாள்.

“ஆக்கள் வர இன்னும் நேரமிருக்கு,” என்றாள். “இப்ப பார்.”