பிஷப்பின் கொம்புகள்

பிஷப் என்பது என் செம்மறிக் கிடாவின் பெயர். மாவட்டக் கண்காட்சியில் மூன்று வருடம் முதல் பரிசு வாங்கியது. அது செத்த பிறகு கொம்புகளுக்கு எண்ணெய் தடவிக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தேன். மே பதினெட்டாம் தேதி காலை ஏழு மணிக்கு அவை என் மகள் ஐரினின் தலையில் இருந்தன.

முந்தின நாள் தேசிய தின ஊர்வலம். பள்ளி முடிக்கும் பிள்ளைகள், அதுதான் இந்த ரூஸ்கள், சிவப்பு உடுப்போடு ஊரைக் கலக்கும் கடைசி நாள். ஆளுக்கொரு பந்தயம் வைத்திருக்கிறார்கள். இந்த அறிவுகெட்டவள் தன் பந்தயத்துக்காகப் படகு ஒட்டும் பசையால் கொம்பை முடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள்.

"ஏண்டி, நீ என்ன ஆடா?"

"ரூஸ்ங்கிற பேரே அப்படி வந்ததுதாம்ப்பா! அந்தக் காலத்துல கோபன்ஹேகன்ல படிக்க வர்றவன் தலையில கொம்ப மாட்டி, மிருகம்னு கேலி பண்ணுவாங்களாம். அத எடுத்தாத்தான் மாணவன். 'கொம்பைக் களையப் போறவன்'னு லத்தீன்ல நீளமா ஒரு பேரு. அதோட வாலுதான் ரூஸ்."

"கொம்பு பத்தாதுன்னு வால் வேறயா?"

ஒன்பது மணிக்குக் கணக்குத் தேர்வு. தேறினால்தான் டிரோம்சோ நகரத்தில் செவிலியர் படிப்பு. தொப்பியே கூடாது என்கிற மண்டபத்துக்குள் கிடாக் கொம்போடு எவன் விடுவான்?

கொம்பை முடிக்கு மேலாக அறுக்க வேண்டும், இல்லையென்றால் முடியை மழிக்க வேண்டும். நான் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் இயந்திரத்தை எடுத்துவந்தேன்.

"ஏன்யா, செத்த கிடாவுக்காகப் பெத்த பொண்ண மொட்டையடிப்பியா?" என்று பாய்ந்தாள் என் மனைவி ஓஸ்ஹில்.

"முடி வளரும். கொம்பு வளருமா?"

ஐரின் வாதாடவில்லை. என் முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள். "சீக்கிரம்ப்பா. எட்டு மணிக்கு பஸ்."

இயந்திரம் உறுமியதும் அவள் தோள் குலுங்கியது. ஆகஸ்டில் போய்விட்டால் அப்புறம் இவள் இந்த வீட்டுக்கு விருந்தாளிதான். எனக்கு மனசு கேட்கவில்லை. இயந்திரத்தை அணைத்துவிட்டு ரம்பத்தை எடுத்தேன்.

அறுக்க அறுக்கக் கொம்பு கருகிய வாடை அடித்தது. இரண்டு கொம்பும் தரையில் விழுந்தன.

"அழுவுறியாய்யா?" என்றாள் ஓஸ்ஹில்.

"பிஷப்ப நெனச்சேன்."

"பொய் சொல்லாதீங்கப்பா. நான் லீவுக்கு வருவேன்" என்றாள் ஐரின்.

"போடி, பஸ் போயிரும்."

வாசல்வரை ஓடியவள் திரும்பி வந்து கட்டிக்கொண்டாள். முடிக்குள் மிச்சமிருந்த அடிக்கொம்பு என் தாடையில் நறுக்கென்று குத்தியது. நான் விடவில்லை. பஸ் போயே போய்விட்டது. ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, தேர்வு மண்டப வாசலில் அவளை டிராக்டரிலிருந்து இறக்கிவிட்டேன்.