பிறந்த தேதிக்கு ஆதாரம்

...அதெப்படி இரண்டு நாட்டுக்காரர்களும் இதில் மட்டும் ஒத்துப்போகிறார்கள், ஆற்றுத் தண்ணீரில் ஒத்துப்போகவில்லை, எல்லைக் கல்லில் ஒத்துப்போகவில்லை, ஒரு பந்தாட்டம் நடந்தால்கூட மண்டை உடைகிறது, இதில் மட்டும் என்ன கூட்டுக் களவாணித்தனம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிற அவளுடைய மேசை, மேலே விட்டு விட்டு எரியும் குழல்விளக்கு, முன்னால் இரண்டு நாள்காட்டித் தாள்கள், ஒன்று இந்த நாட்டு அரசுக்கு, இன்னொன்று ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டுக்கு. அவர்களும் இங்கேதான் அச்சடிக்கிறார்கள், வெட்கம் மானம் பார்த்தால் வியாபாரம் நடக்குமா... போர் முடிந்த தேதி இங்கே சிவப்பில், வெற்றி நாள், அங்கே கறுப்புக் கட்டத்துக்குள், துக்க நாள். சரி, போகட்டும், அவரவர் பாடு அவரவருக்கு. ஆனால் கீழே இரண்டிலும் ஒரே வரி: 'இந்நாளுக்குப் பின் எவரும் வீட்டை விட்டு வெளியேற்றப்படவில்லை.' எவரும் இல்லையாம். அப்படியானால் அம்மா யார்?

போர் முடிந்து நாலு மாதம் கழித்து, எட்டு மாத வயிற்றோடு, செருப்பு மாட்டக்கூட விடாமல் அந்தப் பக்கத்துச் சிப்பாய்கள் துரத்தினார்களே, பாலத்தின் இந்த முனையில் இந்தப் பக்கத்துச் சிப்பாய்கள் உள்ளே விடாமல் இரண்டு நாள் மழையில் நிற்கவைத்தார்களே, அம்மா என்ன காற்று வாங்கவா வந்தாள்? காலையில் போனில் சொன்னபோது அம்மா சிரித்தாள். "விடுடி, நான் வந்தது உனக்குத் தெரியும்ல, அது போதும்." போதாது, போதவே போதாது. இந்த நாள்காட்டி அம்மா வீட்டுச் சமையலறையிலும் தொங்கும், வருஷம் முழுக்க அவள் முகத்துக்கு நேராகவே நீ வரவேயில்லை என்று சொல்லும்... அவள் வரிக்கு அருகே பென்சிலால் அழுத்தி ஒரு கேள்விக்குறி போட்டாள். திருத்த அவளுக்கு அதிகாரமில்லை, கேட்கத்தான் உண்டு. எட்டிப் பார்த்த மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். "பன்னெண்டு மணிக்கு அச்சுக்குப் போகணும்மா. கேள்வி கேட்டா கூடவே ஆதாரத்தையும் வைக்கணும், உங்களுக்குத் தெரியாததா? வெறும் கோவத்தை அனுப்ப முடியாது."

ஆதாரமா, நானே ஆதாரம்தானே, போருக்குப் பிறகு அகதி முகாமில் பிறந்தவள், பிறப்புச் சான்றிதழின் நகல் இதே அச்சகத்தில், என் வேலைக் கோப்பிலேயே இருக்கிறது, முகத்தில் அடித்த மாதிரி வைக்கிறேன் பார்... அலமாரியைத் திறந்து உருவினாள். பிறந்த இடம்: ஆற்றங்கரை முகாம், இந்தக் கரை. பிறந்த தேதி... அட. தெரிந்த கதைதான். முகாம் எழுத்தர் தேதி கேட்கச் சோம்பல்பட்டு, அங்கே பிறந்த பதினாலு குழந்தைகளுக்கும் போர் முடிந்த நாளையே போட்டுவிட்டார், ராசியான நாளாம். அது வீட்டில் பெரிய நகைச்சுவை. உன் பிறந்தநாளுக்கு நாடே லீவு விடுதுடி என்று அண்ணன் கேலி செய்வான், அவளும் ஒவ்வொரு வருஷமும் மெழுகுவர்த்தி ஊதினாள், அரசாங்க முத்திரை குத்திய தாள் இப்போது சாவதானமாகச் சொல்கிறது, போர் முடிந்த அன்றே இவள் அம்மா இந்தக் கரையில் இருந்தாள் என்று. அப்படியானால் நாள்காட்டியின் அந்த வரி சரி. இவ்வளவு நேரம் யாரைத் திட்டிக்கொண்டிருந்தோம்? அவர்களுடைய பொய்க்குச் சாட்சிக் கையெழுத்து, அந்தத் தேதியை எழுதிக் கொடுத்த அவளுடைய ஒவ்வொரு விண்ணப்பத்திலும் இருக்கிறதே... பென்சில் கேள்விக்குறியின் மேலேயே நின்றது. பன்னிரண்டாக ஆறு நிமிடம். நான் நிஜமாக என்றைக்கும்மா பிறந்தேன் என்று அம்மாவிடம் ஒரு நாளாவது கேட்டிருக்கிறாளா?