சொல்லிவிட்டுத்தான் போனாள்

...முட்டி இல்லை, முட்டிக்குக் கீழே, ஆடுசதையில்தான் வலி, ரோட்டில் சுண்ணாம்பால் 31 என்று எழுதியிருந்த இடத்தில் பிடித்தது, இன்னும் விடவில்லை, நிற்காதே பரிமளா, நின்றால் அப்படியே உட்கார்ந்துவிடுவாய் என்று எங்கள் சங்கத்தை நடத்துகிற நர்ஸ் அபிதகுசாம்பாள் சிஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு ரோட்டில் போய், திரும்பி, மறுபடி ஆரணிக்கே... மொத்தம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். ஓடுகிறவர்கள் பதினோரு பேர், அதில் பொம்பளை நான் ஒருத்திதான், நாற்பத்து மூன்று வயசு, சுடிதாருக்கு மேலே சங்கத்தின் பெயர் போட்ட பனியன். வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் பள்ளிக்கூட அறையில் கூடிப் பேசுகிறோமே, அதற்காகத்தான் இந்த ஓட்டம். வேலூரிலிருந்து மாசம் ஒருமுறை மனசுக்குப் பார்க்கிற டாக்டரை வரவழைக்க வேண்டும், யாருக்காவது தாங்கமுடியாமல் போனால் கூப்பிட ஒரு போன் வேண்டும், அதற்குப் பணம் சேர்க்கிறோம். பின்னாலேயே டிவிஎஸ்ஸில் என் வீட்டுக்காரர் வருகிறார், மடியில் குளுக்கோஸ் தண்ணீர் பாட்டில். கூட்டத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை, அங்க போயி அழுதுகினு உக்கார என்னால ஆவாது என்பார், இன்றைக்கு மட்டும் விடியற்காலையிலேயே எனக்கு முன்னால் எழுந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஏன் என்று நான் கேட்கவில்லை, நாங்கள் இருவரும் எதையும் கேட்டுக்கொள்வதில்லை, நாலு வருஷமாக.

கூட்டத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் சொல்லுவார்கள். சடையப்பன், பெண்சாதி செத்த அன்றைக்கு அவளோடு சண்டை போட்டதை வாராவாரம் சொல்லுவார், வாராவாரம் நாங்கள் கேட்போம். நானும் என் பெண் ஹேமலதாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், காலேஜில் இரண்டாம் வருஷம், தலைமுடி ஈரத்தோடு பின்னிக்கொள்வாள், ரசத்தில் தக்காளியைப் பொறுக்கி ஓரமாக வைப்பாள்... எல்லாம் சொன்னேன், அந்த ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை எப்படிச் சொல்வது? ஆடி வெள்ளிக்கிழமை, காலை எட்டரை, ஷெட்டில் பவர்லூம் எல்லாம் ஓடுகிறது, பக்கத்தில் கத்தினாலும் காதில் விழாது, வாசலில் பச்சை சுடிதாரில் வந்து நின்றாள், வாய் அசைந்தது, நீளமாக ஏதோ சொன்னாள், என் கையில் அறுந்த இழை, முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன், என்ன என்று கேட்க எழுந்து போகவேண்டும், நான் போகவில்லை, தலையை ஆட்டினேன், சரி போ என்கிற மாதிரி. அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் பார்த்ததே இல்லை, ஏதோ பெரிய வரம் கொடுத்துவிட்ட மாதிரி, நான் என்னத்தைக் கொடுத்தேன்?

பதினொரு மணிக்குத் தகவல் வந்தது. படவேட்டுக்குத் திரும்புகிற இடத்தில் பைக்கும் லாரியும். பைக்கில் இரண்டு பேர், ஓட்டினவன் கூடப் படிக்கிற பையன், தமிழ்செல்வன், இரண்டு பேருமே இல்லை. ஆஸ்பத்திரி கேட்டில் அவன் அம்மா ராஜம்மாள் மாரில் அடித்துக்கொண்டு என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாள், கட்டிக்கொண்டு அழத்தான் வந்திருப்பாள், என் கொழுந்தனார் குறுக்கே பாய்ந்து பிடித்துத் தள்ளினார். "உம் புள்ளதான்டி எங்க பொண்ண ஏமாத்தி இட்டுகினு போயி சாவடிச்சான்!" அவள் மண்ணில் விழுந்தாள். எழுந்திருக்கக்கூட இல்லை. யாரோ என்னைக் கேட்டார்கள், பொண்ணு உங்கிட்ட சொல்லிட்டுப் போச்சாம்மா? இல்ல என்றேன். ஒரே வார்த்தை. நான் தலையாட்டியதைச் சொன்னால் என்னைக் கேட்பார்களே, ஏன் அனுப்பினாய் என்று... அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஊர் என்னென்ன பேசியது, வீட்டுக்குத் தெரியாமல் ஓடினவள் என்றது, நான் பேசாமல் இருந்தேன், பதினாறாம் நாள் காரியத்தில்கூடப் பேசாமல்தான் இருந்தேன்.

சதை இழுக்கிறது, ஓட்டம் நடையாகிவிட்டது, சுண்ணாம்பில் 36, புளியமர நிழல். டிவிஎஸ் பக்கத்தில் வந்தது. "இன்னா பரிமளா, முடியலன்னா ஏறிக்க, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க." ஏன் அப்போது வாய் திறந்தது என்று தெரியவில்லை, கால் வலியோ, மூச்சுக்கு ஆலாய்ப் பறந்ததில் காவல் தளர்ந்துவிட்டதோ. "ஏங்க, ஹேமா சொல்லிட்டுத்தாங்க போனா. ஷெட்டாண்ட வந்தா. எனக்குக் காதுல விழல, தலையாட்டிட்டேன்." அவர் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். திட்டுவார், இல்லை அழுவார் என்று நின்றேன். ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தெரியும்."

"எங்கிட்டதான் மொதல்ல கேட்டா. தமிழ்செல்வன் அவங்க வூட்ல சொல்லிட்டு வந்துட்டான், நானும் உங்கள கேட்டுட்டு வரேன்னு சொல்லியிருக்கேன், படவேட்ல ரேணுகாம்பாள கும்ட்டு மதியத்துக்குள்ள வந்துடறோம்ப்பான்னு சொன்னா. வேணாம்னு சொல்ல எனக்கு வாயி வரல. அம்மாவ கேளுன்னு அனுப்பினேன். நீ வேணாம்பேன்னு நெனச்சேன்."

"அப்ப ஆஸ்பத்திரில, சொல்லிட்டுப் போவலன்னு நான் சொன்னப்ப ஏங்க சும்மா இருந்தீங்க?"

ஒரு பஸ் போய், தூசி அடங்கி... "நீ அப்படிச் சொன்னது எனக்கும் சௌகரியமா இருந்துச்சி."

நான் மறுபடி ஓட ஆரம்பித்தேன், நொண்டி நொண்டி. வலி தெரிகிறது, வெயில் தெரிகிறது. பாரம் இறங்கும் என்று சிஸ்டர் சொல்வாரே, சொல்லிவிட்டால் இறங்கும் என்று, இறங்கவில்லையே... ஓட்டம் முடிகிற இடத்தில் மைக் வைத்திருப்பார்கள், ஊர் ஜனம் நிற்கும், அங்கே சொல்லிவிடலாம், என் பெண் எங்களைக் கேட்டுக்கொண்டுதான் போனாள் என்று. சொல்லத்தான் போகிறேன். ஆனால் அந்தப் பையன்? அவனும் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தானாம், எங்கள் பெண்ணைக் கேட்காமல் கூப்பிட்டுப் போகக்கூடாது என்று தெருமுனையில் வண்டியோடு காத்திருந்திருப்பான், அவனை ஏமாற்றுக்காரன் என்று ஊரே... மண்ணில் விழுந்தவளை யார் தூக்கிவிட்டார்கள்? திரும்பிக் கத்தினேன், "தமிழ்செல்வன் அம்மா எந்த ஊருங்க?" அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "கலசப்பாக்கம் பக்கம்னு கேள்வி. ஏன்?" ஏன் என்று எனக்கு எப்படித் தெரியும்... வாசலில் போய் நின்றால் உள்ளே விடுவாளா, விட்டால் எந்த வாயால் சொல்வேன்? இன்னும் ஐந்து கிலோமீட்டர். பறிகொடுத்தவர்கள் யாராயிருந்தாலும் வரலாம் என்று நோட்டீஸ் அடித்து, என் கையாலேயே பஸ் ஸ்டாண்டில் கொடுத்திருக்கிறேன், அவளும் பறிகொடுத்தவள்தானே, இத்தனை ஞாயிற்றுக்கிழமையில் ஒருநாள்கூட அது எனக்கு ஏன் தோன்றவில்லை...