கொற்றிக்குப் பேசிய விலை

கொற்றியின் உயிருக்கு நீலாவதி வைத்த விலை ஐந்து. பகடையில் ஐந்தோ ஆறோ விழுந்தால் அவள் பாலத்தைத் தாண்டுவாள். குறைந்தால் பள்ளத்தில் போவாள்.

கொற்றி நோட்டில் வாழ்கிறவள். புளி வாங்க ஜவ்வாது மலை ஏறும் நாட்களில், மூட்டை வந்து சேரும்வரை நீலாவதி தனியாக ஆறு வருஷமாய் ஆடும் ஆட்டம் அது. கேள்வியை எழுதுவாள், விலையைச் சொல்வாள், பகடையை உருட்டுவாள், விழுந்ததுதான் கதை. அப்படி உருட்டி உருட்டியே பதினோரு ஊரும், இரண்டு ஆறும், உப்புக்கு வரி கேட்கும் ஒரு பூதமும் உண்டாகியிருந்தன. முதல் பக்கத்தில் சட்டம்: மறு உருட்டு கிடையாது. கொற்றி செத்தால் நோட்டை மூடிவிட வேண்டும்.

புளி மூட்டையை இறக்கிய மாதையன் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, தனியா தாயம் ஆடற? எதிராளி எங்க?"

"எதிராளியும் நாந்தாங்க."

"அப்ப வுட்டுக் குடுத்துட்டுப் போயேன். யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பனே."

படிக்கச் சொல்லிக் கேட்டார். பாதி அறுந்த பாலம், பின்னால் பூதம், கொற்றியின் காலில் காயம், கையில் ஒரு பந்தம். கேட்டு முடித்ததும் மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அஞ்சு அநியாயம்மா. கையில வெளிச்சம் இருக்குதில்ல? மூணு வையி."

உருட்டுவதற்கு முன்னால் விலை பேசலாம். ஆட்டத்தில் அது உண்டு. மாதையன் தோள்துண்டை எடுத்து, சந்தையில் மாட்டுக்கு விரலால் ரகசியமாய் விலை பேசுவது போல இருவர் கைமேலும் போட்டார். துண்டுக்கடியில் அவள் விரல்களை எண்ணிப் பிடித்தார். மூன்று.

பந்தத்துக்கு இரண்டு குறைப்பதுதான் அவள் வழக்கம். காயத்தை எண்ணியவள் பந்தத்தை மறந்திருந்தாள். மூன்றுதான் சரி, அவளுக்கே தெரிந்தது. ஆனால் அவள் மாட்டுத் தரகர் வீட்டுப் பெண். எதிராளி கேட்ட முதல் விலைக்கு ஒத்துக்கொண்ட பழக்கம் அந்தக் கைக்குக் கிடையாது. அது தானாக அவர் விரல்களைப் பற்றி நான்கு என்று அழுத்தியது.

"சரி, நாலு," என்று மாதையன் துண்டை உதறினார்.

பகடை புளி நிறுக்கும் தராசுத் தட்டில் மோதி, முனையில் நின்று ஒரு சுற்று சுற்றியது.

மூன்று.

"தட்டு இடிச்சிடுச்சிம்மா! இன்னொரு வாட்டி போடு. நான் சாட்சி."

"துண்டுக்கடியில பேசுனத மாத்துவீங்களாண்ணா நீங்க?"

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "ஒரு வெரலும்மா," என்றார். "ஒரே வெரலு."

"தெரியும்ணா."

அவள் கடைசிப் பக்கத்தைப் புரட்டி எழுதினாள்.

கொற்றி கணக்கு. ஊர் பதினொன்று. பந்தம் ஒன்று, செலவாகாமல். பேசிய விலை நாலு. விழுந்தது மூணு. பாக்கி ஒன்று, கொடுக்க வேண்டியவள் நீலாவதி.