பாதியில் நின்ற நியூமோனோ

ஜாக்குலின் மைக்கைப் பிடித்தாள்.

ஒரே ஒரு சொல். பிசகாமல் சொன்னால், டெல்லியில் நடக்கும் இறுதிச் சுற்றுக்குத் தங்கள் தீவு யூனியன் பிரதேசத்தின் சார்பில் அவள். பிசகினால், புள்ளியில் முந்தி நிற்கும் டெய்ரி ஃபார்ம் பகுதிக் குமரன். நர்சிங் மாணவர்களுக்கான மருத்துவச் சொல் போட்டியில் மிஞ்சியவர்கள் இவர்கள் இருவர்தான். அதே சொல்லைக் குமரன் மூச்சுவிடாமல் ஒப்பித்திருந்தான். ஆனால் உச்சரிப்பின் அழுத்தத்தை நடுவில் வரும் 'வோல்' மேல் போட்டுக் கோட்டைவிட்டிருந்தான்.

"சலோ, ஜாக்குலின், சொல்லு," என்றார் நடுவர் டாக்டர் ஷோபா.

"நியூமோனோ அல்ட்ரா மைக்ராஸ்கோபிக்..."

நின்றுவிட்டாள்!

மறதி இல்லை. பழக்கம். அவள் வசிக்கும் ஜங்லிகாட் பகுதியில் தினமும் சாயங்காலம் செபமாலையை முன்நின்று சொல்பவள் அவள். ஒவ்வொரு செபத்திலும் முதல் பாதி அவளுக்கு, மறுபாதி கூட்டத்துக்கு. வாய் தானாக மூடிக்கொண்டது.

பின்வரிசையில் அதே செபக் கூட்டம். சந்தில் அவள் பயிற்சி எடுத்ததைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்கும் பாடம்.

"சிலிகோ வோல்கேனோ கோனியோசிஸ்!"

அரங்கம் அதிர்ந்தது. முதல் குரல் அவள் அப்பா அந்தோணிமுத்துவுடையது.

"அரே! சீட்டிங், மேடம்!" குமரன் துள்ளி எழுந்தான்.

"வெளி உதவி வந்தா தகுதி நீக்கம்." ஷோபா பேனாவைத் திறந்தார்.

"மேடம், ஒரு நிமிஷம்! பின்னாலேருந்து பிரிச்சுச் சொல்றேன். அது யாருக்கும் பாடம் இல்ல."

ஷோபா குமரனைப் பார்த்தார். "சம்மதமா?"

"சொல்லட்டும் மேடம். உல்டா இவளுக்கு வராது."

அந்தோணிமுத்து இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஓசிஸ், நோய். கோனி, தூசி. வோல்கேனோ, எரிமலை. நம்ம பக்கத்துல பாரன் ஐலண்ட்ல புகையுதே, அதான். சிலிகோ, மணல்ல இருக்கிற சிலிக்கா. மைக்ராஸ்கோபிக், கண்ணுக்குத் தெரியாத பொடி. அல்ட்ரா, அதைவிடப் பொடி. நியூமோனோ, நுரையீரல். எரிமலைத் தூசி நெஞ்சுக்குள்ள போய் வர்ற நோவு, மேடம்!"

"அழுத்தம்?"

"ஓசிஸ்ல, 'ஓ' மேல."

"முழுசா."

ஒரே வீச்சு. அசை ஒன்றுகூட உதிரவில்லை. 'ஓ' மட்டும் மணி அடித்தது போல் எழும்பியது.

ஷோபா பேனாவை மூடினார். "டெல்லி போ. அங்க பயங்கரக் குளிர். ஸ்வெட்டர் இருக்கா?"

"இல்ல மேடம்!" அவள் கத்தியதில் மைக் கீச்சிட்டது.

"நான்தான் போவேன்னு ஒண்ணு வாங்கி வச்சுட்டேன்," என்றான் குமரன் உர்ரென்று. "லே லே, நீயே எடுத்துக்கோ."