கேட்டல், பேசுதல்

பன்னிரண்டு படங்கள் முடிந்துவிட்டன. சிறுமி இதுவரை சரியாகச் சொன்னது மூன்றே மூன்று. நாற்காலியைக் கதவு என்றாள். குடையைப் பார்த்துத் தோளைக் குலுக்கினாள். எதிரே உட்கார்ந்திருந்த பெட்டி டீச்சருக்குச் சந்தேகம் தட்டியது. படங்கள் அடுக்கிய பெட்டியும் கையுமாகப் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கி, புதிதாகக் குடியேறி வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எவ்வளவு வருகிறது என்று அளந்து சொல்வது அவள் வேலை. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. பதினேழு வருடத்தில் எல்லா ரகத்தையும் பார்த்தாயிற்று. நிஜமாகவே தெரியாத பிள்ளை பேந்தப் பேந்த விழிக்கும். இவளோ படத்தைப் பார்த்ததும் கண்ணில் பதிலைக் காட்டிவிட்டு, அப்புறம் ஆற அமர யோசித்துத் தப்பாகச் சொன்னாள். வேண்டுமென்றே தோற்கிற பிள்ளையை டீச்சர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

டீச்சரும் தமிழ்தான். மார்பில் தொங்கிய அட்டையில் வேற்று நாட்டுக் கணவரின் பெயர் இருந்ததால் யாருக்கும் அது தெரியாது. தேர்வு முடியும் வரை பிள்ளையின் மொழியில் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. அதை அவள் ஒருநாளும் மீறியதில்லை.

அடுத்த படத்தை எடுக்கும்போது கதவு திறந்தது. வராந்தாவில் காத்திருந்த அப்பா கைபேசியை நீட்டியபடி உள்ளே வந்தார். கட்டடங்களில் தரைக்குக் கல் பதிக்கிறவர். "பாப்பா, ஆஸ்பத்திரி போன். என்னான்னு கேளு," என்றார். டீச்சரிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

சிறுமி வாங்கிக் காதில் வைத்தாள். அதற்கப்புறம் அவள் பேசிய ஆங்கிலத்தைக் கேட்டு டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆமாம், மகள்தான் பேசுகிறேன். பத்தொன்பது வயது," என்றாள், கண்ணை இமைக்காமல். பன்னிரண்டு வயது என்று டீச்சரின் கையிலிருந்த தாளில் எழுதியிருந்தது. "அப்படியென்றால் இனி மருந்தே கிடையாதா? கல்லீரலுக்கும் பரவிவிட்டதா? வலி தெரியாமல் பார்த்துக்கொள்வீர்களா?" கொஞ்சம் நிறுத்தி, "மாதக்கணக்கா, வாரக்கணக்கா?" என்று கேட்டாள். பதிலைக் கேட்டு நன்றி சொல்லி வைத்தாள்.

"என்னம்மா சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லப்பா. அம்மாவுக்கு மருந்த மாத்தப் போறாங்களாம். வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு நம்ம மூணு பேரையும் வரச் சொல்றாங்க."

"நல்லதாப் போச்சு. அந்த மருந்துதான் அவளுக்கு ஒத்துக்கவே இல்லையே." முகம் தெளிந்து அவர் வெளியே போனார்.

டீச்சர் குனிந்து பார்த்தாள். பழக்கதோஷத்தில் கை தன்பாட்டுக்கு வேலை செய்திருந்தது. கேட்டல், நான்கு. பேசுதல், நான்கு. அதற்கு மேல் மதிப்பெண் கிடையாது. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"கதவ சாத்திட்டு வாம்மா," என்றாள் தமிழில்.

சிறுமி அசையவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "நீங்க தமிழா?"

"ஆமாம்மா."

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். தாளில் இருந்த எண்களைப் பார்த்தாள். "நாலு போடாதீங்க டீச்சர். கீழ் வகுப்புன்னா பன்னெண்டு மணிக்கு விட்ருவாங்க. மத்ததெல்லாம் நாலு மணி வரைக்கும். டாக்டர் எப்பவும் மத்தியானந்தான் பார்ப்பாரு. நான் போகலன்னா ஆஸ்பத்திரியில தமிழ்ல சொல்றதுக்கு வேற ஆளக் கூட்டிட்டு வந்துருவாங்க. அவங்க எல்லாத்தையும் அப்படியே சொல்லிருவாங்க."

"எத்தனை நாளா இப்படி?"

"மூணு மாசமா. அப்பாவுக்குத் தெரிஞ்சா அழுதுருவாரு. அம்மா உடனே கண்டுபிடிச்சிருவாங்க." விரலால் மேசை விளிம்பைத் தடவினாள். "டாக்டர் பேசறப்ப அம்மா அவரப் பாக்கவே மாட்டாங்க. என் மொகத்தத்தான் பாத்துட்டே இருப்பாங்க."

டீச்சர் அழிப்பானைக் கையில் எடுத்தாள். நான்கை அழித்து ஒன்று போட்டால் இந்தப் பிள்ளை கடைசி நாள் வரை இதைத் தனியாகச் சுமக்கும். போடாவிட்டால் அந்த மனிதருக்கு விஷயத்தை யாரோ முன்பின் தெரியாத ஆள் போட்டு உடைப்பான். இரண்டில் எது பாவம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

என்ன பேசினார்கள் என்று புரியாவிட்டாலும், தமிழ் என்பது மட்டும் வராந்தா வரை கேட்டிருக்க வேண்டும். அப்பா கதவைத் தட்டிவிட்டு எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அட, நீங்க நம்மாளா! சொல்லவே இல்லையேம்மா. எப்படி, பாப்பா தேறிருவாளா?"

"நல்லா பேசறா," என்றாள் டீச்சர்.

"அப்போ முழுநாள் வகுப்புதான்! நான் வேற அவளப் பள்ளிக்கூடம் போகவிடாம ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டே இருக்கேன்." அவர் தயங்கினார். கைகளைப் பிசைந்துகொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வியாழக்கிழமை ஒரு மணி நேரம் எங்களோட வர முடியுமா? டாக்டர் சொல்றத நீங்க எங்களுக்குத் தமிழ்ல சொன்னீங்கன்னா போதும். சின்னப் பிள்ள, பாவம், அதுக்கு எல்லாம் புரியுதோ என்னவோ."

டீச்சர் வாயைத் திறந்தாள். சிறுமி அப்பாவின் பின்னால் போய் நின்றுகொண்டு, அவர் சட்டை முதுகில் படிந்திருந்த சிமெண்டுத் தூளைப் புறங்கையால் மெல்லத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். கண் மட்டும் டீச்சரின் உதட்டிலேயே இருந்தது.